ஊராட்சித் தேர்தலில் நிற்க நினைக்கும் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மகளிர் குழுக்களுக்கு ஊராட்சிச் சட்டம் பற்றி வகுப்பு எடுப்பது என் வேலை. எந்த ஊருக்குப் போனாலும் கேள்விகள் அதேதான், கேட்கிறவர்கள்தான் வேறு. கூட்டத்தில் கேட்கக் கூச்சப்பட்டு, முடிந்தபிறகு பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்து வந்து கேட்பவர்களும் உண்டு. அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சியை மனதில் வைத்து எழுதியவை. நகர்ப்புறத்தில் நடைமுறை வேறாக இருக்கும் இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறேன்.

பொம்பளைங்களுக்கு மூணுல ஒண்ணா, பாதியாக்கா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இரண்டுமே உண்மை, காலம்தான் வேறு. 1992-ல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. நகராட்சி, மாநகராட்சிகளுக்கு 74-வது திருத்தம் அதையே சொன்னது. 'குறையாமல்' என்று இருப்பதால் மாநிலங்கள் கூட்டிக்கொள்ளலாம். பீகார் 2006-லேயே பாதியாக்கியது. தமிழ்நாட்டில் 2016-ல் சட்டம் திருத்தப்பட்டு 50 சதவீதம் ஆனது.

ஆனால் 2016-ல் நடக்க வேண்டிய தேர்தல் வழக்கில் நின்றுபோனது. அதனால் அந்த 50 சதவீதம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது 2019 டிசம்பர் தேர்தலில்தான், அதுவும் 27 மாவட்டங்களில். மீதி 9 மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. உறுப்பினர் இடங்களோடு தலைவர் பதவிகளுக்கும் இந்தப் பங்கு உண்டு. 2022-ல் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்குப் போனது அப்படித்தான்.

லேடீஸ் வார்டுல மட்டும்தான் நாங்க நிக்கணுமா?

இல்லை. பெண்கள் வார்டில் ஆண் நிற்க முடியாது, அவ்வளவுதான். பொது வார்டில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம், நீங்களும் நிற்கலாம். அதேபோல பட்டியல் சாதிப் பெண், பொதுப் பெண்கள் இடத்திலும் நிற்கலாம், பொது இடத்திலும் நிற்கலாம். 'பொது என்றால் ஆண்களுக்கு' என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அதைக் கிளப்பிவிட்டவர்கள் யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

எங்க ஊரு பெண்கள் ஊராட்சின்னு யாரு முடிவு பண்றா? அடுத்த தடவையும் அப்படியே இருக்குமா?

மக்கள்தொகைக் கணக்கை வைத்து விதிப்படி ஒதுக்கி அரசிதழில் வெளியிடுவார்கள். தமிழ்நாட்டு விதியில் சுழற்சி 10 ஆண்டுக்கு ஒருமுறை, அதாவது இரண்டு தேர்தலுக்கு ஒருமுறை. இடையில் வார்டு எல்லை மறுவரையறை வந்தால் கணக்கு மாறிவிடும். அதனால் டீக்கடையில் சொல்வதை நம்பாமல், அறிவிப்பு வந்ததும் ஒன்றிய அலுவலகத்தில் போய்ப் பட்டியலைப் பாருங்கள்.

இந்தச் சுழற்சியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒரு பெண் வேலை கற்றுக்கொண்டு நன்றாகச் செய்ய ஆரம்பிக்கும் நேரத்தில் இடம் பொதுவாகிவிடுகிறது. உடனே, 'நீ இருந்தது போதும், இனி ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க' என்று ஊர் சொல்லும். மேலே சொன்னதுதான் அதற்குப் பதில்: பொதுவில் நிற்க உங்களுக்குத் தடை எதுவும் இல்லை.

நான் அஞ்சாவதுதான் படிச்சிருக்கேன். என்னைச் சேர்ப்பாங்களா?

தமிழ்நாட்டில் கல்வித் தகுதி எதுவும் இல்லை. ஹரியானாவில் உண்டு. உச்ச நீதிமன்றம் அதை 2015-ல் செல்லும் என்றும் சொன்னது. ராஜஸ்தான் அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்து 2019-ல் எடுத்துவிட்டது. இங்கே அந்தப் பேச்சே இல்லை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அரசு வேலையிலோ உள்ளாட்சியின் சம்பளத்திலோ இருப்பவர் நிற்க முடியாது. தொகுப்பூதிய வேலை, ஒப்பந்த வேலை என்று சந்தேகம் இருந்தால் மனு கொடுப்பதற்கு முன்பே தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

மேல் வயதுக்கு வரம்பு இல்லை. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் வீரம்மாள் பாட்டி தலைவரானபோது அவருக்கு 79 வயது. 2021-ல் நெல்லை மாவட்டம் சிவந்திபட்டியில் ஜெயித்த பெருமாத்தாளுக்கு 90.

பொறந்த ஊர்ல நிக்கவா, வாக்கப்பட்ட ஊர்ல நிக்கவா?

வாக்காளர் பட்டியலில் எங்கே பெயர் இருக்கிறதோ அங்கே. கல்யாணமாகிப் பத்து வருடமாகியும் பெயர் அம்மா வீட்டு முகவரியிலேயே இருக்கும் பெண்களை நிறையப் பார்க்கிறேன். மனு கொடுக்கும் வாரத்தில் தெரிந்து பிரயோஜனம் இல்லை. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. தேர்தல் பேச்சு வருவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். உங்களை முன்மொழிகிறவரின் பெயரும் அதே பட்டியலில் இருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் எஸ்.சி., நான் வேற சாதி. எஸ்.சி. பெண்கள் வார்டுல நான் நிக்கலாமா?

முடியாது. சாதி பிறப்பால்தான், கல்யாணத்தால் மாறாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. இதையே திருப்பிப் பார்த்தால், பட்டியல் சாதியில் பிறந்த பெண் வேறு சாதிக்காரரைக் கல்யாணம் செய்திருந்தாலும் அவருடைய உரிமை போகாது. சான்றிதழ் அப்பா வழியில் இருக்கும், கணவர் பெயரைத் தேட வேண்டாம். 'ஊரில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்' என்று துணிந்து நின்றவர்கள், ஜெயித்த பிறகு தோற்றவர் போட்ட வழக்கில் பதவியை இழப்பதுண்டு.

எவ்வளவு பணம் ஆகும்? உண்மையைச் சொல்லுங்க.

அரசாங்கக் கணக்கை முதலில் சொல்கிறேன். 2019 தேர்தலில் டெபாசிட், வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கு 600, ஒன்றியக் கவுன்சிலருக்கு 600, மாவட்டக் கவுன்சிலருக்கு 1,000. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. செலவு உச்சவரம்பு முறையே 9,000, 34,000, 85,000, 1,70,000 ரூபாய். அடுத்த தேர்தலில் மாறலாம், அறிவிப்பைப் பாருங்கள்.

நடப்பில் தலைவர் பதவிக்கு இதைப்போலப் பல மடங்கு கொட்டுகிற ஊர்கள் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் போட்டிக்குப் போகாதீர்கள், நகையை அடகு வைத்து நிற்காதீர்கள். மதிப்பூதியம் கைச்செலவுக்கே காணாது. போட்டதை எடுக்க வேண்டும் என்ற நெருக்கடியோடு நாற்காலியில் உட்கார்ந்தால் காண்ட்ராக்டர் சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டிவரும். முதல்முறை நிற்பவர் வார்டு உறுப்பினராகத் தொடங்குவது நல்லது என்பது என் அபிப்பிராயம். சில நூறு ஓட்டுதான், வீடு வீடாக நடந்தே முடித்துவிடலாம்.

இன்னொன்று. ஜெயித்தாலும் தோற்றாலும் 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தோற்றவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கணக்குக் கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டுகள் போட்டியிடத் தடை வரும்.

எந்தக் கட்சியிலயும் இல்லை. கட்சி இல்லாம முடியுமா?

கிராம ஊராட்சி வார்டும் தலைவர் பதவியும் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கிற தேர்தல். பூட்டு சாவி, ஆட்டோ மாதிரி ஒரு பொதுச் சின்னம்தான் கிடைக்கும். பின்னால் கட்சிக்காரர்கள் இருப்பார்கள், அது வேறு விஷயம். ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் இரண்டும் கட்சி அடிப்படையில் நடக்கும். அங்கே சுயேச்சையாகவும் நிற்கலாம், கட்சிச் சின்னம் வேண்டுமென்றால் கட்சியின் சீட்டு வேண்டும். ஒன்றியத் தலைவர், மாவட்ட ஊராட்சித் தலைவர், மேயர் ஆகியோரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால் அங்கே கட்சியில்லாமல் காலம் தள்ளுவது கஷ்டம்.

ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில் பெண்களுக்கு ஒரு லாபம் உண்டு. உங்களை உட்கார வைத்தது நான்தான் என்று எந்த ஒருவரும் சொந்தம் கொண்டாட முடியாது.

ஊர்க்கூட்டத்துல பதவியை ஏலம் விட்டுட்டாங்க. எடுத்தவர் தன் பொண்டாட்டியை நிறுத்துறாராம். மீறி நான் மனு போடலாமா?

போடலாம். ஏலம் சட்டவிரோதம், அதற்கு எந்த மதிப்பும் இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிக்கிறது, ஒவ்வொரு தேர்தலிலும் எங்காவது ஏலச் செய்தி வருகிறது. கோயிலுக்குப் பணம் தருகிறார், ஊருக்கு நல்லதுதானே என்பார்கள். ஏலத்தில் கேட்கும் அளவுக்குக் கையில் பணம் வைத்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்? பெண்களுக்கு ஒதுக்கிய இடம் ஏலத்துக்கு வந்தால் அது ஆண்களுக்குள்ளேயே கைமாறி முடிந்துவிடும்.

ஆனால் தனியாகப் போகாதீர்கள். முன்மொழிபவரையும் குழுவில் நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு போய் மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். மிரட்டல் வந்தால் மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டருக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது எந்த அலுவலகத்திலும் நிற்காது.

ஜெயிச்சுட்டேன்க்கா. 'நீ கையெழுத்து மட்டும் போடு, மத்ததை நான் பாத்துக்கறேன்'னு வீட்டுக்காரர் சொல்றாரு. என்ன பண்ண?

அதிகம் வரும் கேள்வி இதுதான். சட்டத்தில் 'தலைவரின் கணவர்' என்று ஒரு பதவி கிடையாது. அவர் மன்றக் கூட்டத்தில் உட்காரக் கூடாது, உங்கள் நாற்காலியில் உட்காரவே கூடாது, அலுவலகப் பதிவேட்டைப் புரட்டவும் உரிமை இல்லை. உங்கள் கையெழுத்தை அவர் போட்டால் அது குற்றம். நாளைக்குத் தணிக்கையில் ஆட்சேபம் வந்தால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும், பணம் கட்டச் சொன்னாலும் உங்களிடம்தான் கேட்பார்கள். இதை வீட்டில் சொல்லிப் பாருங்கள், பல கணவர்கள் இந்த இடத்தில்தான் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

உதவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டியில் கொண்டுபோய் ஒன்றிய அலுவலகத்தில் விடட்டும், வீட்டில் உலை வைக்கட்டும், நீங்கள் கேட்டால் யோசனையும் சொல்லட்டும். பார்க்க வேண்டியது ஒரே விஷயம்: செய்தி முதலில் யாருக்கு வருகிறது? டேங்க் ஆபரேட்டர், ஊராட்சிச் செயலர், பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகம் மூவரும் யாருடைய செல்போனுக்குக் கூப்பிடுகிறார்களோ அவர்தான் தலைவர். பதவியேற்ற முதல் வாரத்திலேயே உங்கள் நம்பரைக் கொடுத்து, போன் உங்கள் கையிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெற்றுச் செக்கிலும் எழுதாத தீர்மானப் பக்கத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். வாசிக்கச் சிரமமாக இருந்தால் செயலரை வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு குழுவில் படித்த ஒரு பெண்ணிடம் கொடுத்து இன்னொரு முறை கேளுங்கள். ஊராட்சிக்கு எத்தனை வங்கிக் கணக்கு, பொது நிதியில் எவ்வளவு, மின்கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் வைத்த கணக்கில் எவ்வளவு பாக்கி என்று முதல் மாதமே எழுதி வாங்குங்கள்.

இது நாடு முழுவதும் இருக்கிற சிக்கல்தான். உச்ச நீதிமன்றம் வரை போய், மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ஒரு குழு அமைத்து, அது 2025-ல் கடுமையான தண்டனை வேண்டும் என்று பரிந்துரைத்தது. எனக்குத் தண்டனையில் பெரிய நம்பிக்கை இல்லை, தண்டனையும் அந்தப் பெண் தலையிலேயே விடியும் என்று பயம். அதோடு, காண்ட்ராக்டரின் பேச்சைக் கேட்டு ஆடுகிற ஆண் தலைவரை யாரும் 'பினாமி' என்று சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

துணைத் தலைவர் செக்குல கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. வேலை எல்லாம் நிக்குது.

தமிழ்நாட்டில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். திருட்டைத் தடுக்க வைத்த விதி இது. ஆனால் பெண் தலைவரை, அதிலும் பட்டியல் சாதிப் பெண் தலைவரை முடக்க இதைவிட வசதியான கருவி வேறில்லை. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதால் ஊரில் செல்வாக்கானவர் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறார். பிறகு டேங்க் ஆபரேட்டர் சம்பளம் நிற்கும், தெருவிளக்கு எரியாது, ஊர் உங்களைத் திட்டும்.

எழுத்துதான் வழி. செலவு மன்றத்தில் தீர்மானமாகியிருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பில்லும் வவுச்சரும் சரியாக இருக்கட்டும். இந்தத் தேதியில் இந்தத் தொகைக்குச் செக்கை அனுப்பினேன், கையெழுத்து வரவில்லை என்று துணைத் தலைவருக்குக் கடிதம் கொடுத்து, நகலை பி.டி.ஓ.வுக்கும் கலெக்டருக்கும் அனுப்புங்கள். கையெழுத்து அதிகாரத்தை எடுத்து வேறு ஏற்பாடு செய்யக் கலெக்டரால் முடியும். ஒரு எச்சரிக்கை: எதிர்த்தரப்பும் உங்கள் மீது இதே புகாரைக் கொடுக்கும், உங்கள் அதிகாரமும் அதே வழியில் போகலாம். யாருடைய காகிதம் ஒழுங்காக இருக்கிறதோ அவர் தப்பிப்பார்.

தலைவர்னு பேரு, ஆனா நாற்காலி தர மாட்டேங்கறாங்க. எங்க சாதியைச் சொல்லிக் கொடி ஏத்த விட மாட்டேங்கறாங்க.

2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியே வந்தது. வழக்குப் பதிவானது, ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டுக் கைதானார். அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பெண் தலைவரைச் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடவில்லை. செய்தி பெரிதானதும் அதிகாரிகள் வந்து சில நாள் கழித்து அவர் கையாலேயே ஏற்ற வைத்தார்கள். 2022-ல் தலைமைச் செயலர் இதைப் பற்றி எல்லாக் கலெக்டர்களுக்கும் கடிதமே எழுத வேண்டியிருந்தது.

உங்கள் கையில் இருக்கும் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-ல் திருத்தியபோது, பட்டியல் சாதி அல்லது பழங்குடி ஊராட்சி உறுப்பினரையோ தலைவரையோ வேலை செய்ய விடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் குற்றம் என்று தனியாகவே சேர்த்தார்கள். மனு போட விடாமல் தடுப்பதும் அதில் வரும். சாதிப் பெயர் சொல்லித் திட்டினால்தான் வழக்கு என்று காவல் நிலையத்தில் சொன்னால் நம்பாதீர்கள். பிரிவு 3(1)(ஆங்கில எழுத்து எம்) என்று எழுதிக்கொண்டு போங்கள்.

கலெக்டர் நினைச்சா தலைவரைத் தூக்கிடலாமாமே?

நினைத்த மாத்திரத்தில் முடியாது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ன் 205-வது பிரிவு, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் கலெக்டருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் படி உண்டு. முதலில் குற்றச்சாட்டோடு நோட்டீஸ், அப்புறம் உங்கள் விளக்கம், அது திருப்தியாக இல்லையென்றால் தாசில்தார் மன்றத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பார், அதன்பிறகு முடிவு. ஒரு படியைத் தாண்டினாலும் உயர் நீதிமன்றத்தில் நிற்காது. நோட்டீஸ் வந்ததும் பயந்துபோய்ப் பதில் கொடுக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக, தீர்மான எண்ணும் தேதியும் போட்டுப் பதில் எழுதுங்கள்.

பகை வருமோன்னு பயமா இருக்குக்கா. வாட்ஸ்அப்ல அசிங்கமா வேற எழுதுறாங்க.

பயம் பொய் இல்லை. மதுரை வில்லாபுரத்தில் மாநகராட்சிக் கவுன்சிலராக இருந்த லீலாவதி, மக்களுக்குக் குடிநீர் வரவைக்கப் பாடுபட்டவர். 1997 ஏப்ரல் 23-ல் வெட்டிக் கொல்லப்பட்டார். தண்ணீர், மணல், நிலம் இந்த மூன்றில் கை வைத்தால் பணம் பார்க்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அந்த விஷயங்களில் தனிப்பட்ட முறையில் மோதாமல் மன்றத் தீர்மானமாக, கிராம சபைத் தீர்மானமாகக் கொண்டுபோங்கள். எதிரிக்கு முன் நீங்கள் மட்டும் தனியாக நிற்பது போல ஆகக் கூடாது.

நடத்தையைப் பற்றிய பேச்சு வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள், சைபர் கிரைமில் புகார் கொடுங்கள். பதிலுக்குப் பதில் எழுத வேண்டாம். முக்கியமாக, மனு போடுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து, 'இப்படியெல்லாம் எழுதுவார்கள்' என்று சொல்லிவிடுங்கள். நிறையப் பெண்கள் அந்தப் பேச்சுக்கு அஞ்சி விலகுவதில்லை, அது வீட்டுக்குள் கிளப்பும் சண்டைக்கு அஞ்சித்தான் விலகுகிறார்கள்.

பொம்பளை தலைவரா வந்தா ஊருக்கு என்ன மாறிடும்?

மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் இதை ஆராய்ந்தார்கள். ராகவேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டஃப்ளோவும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு அது. டஃப்ளோ பின்னால் 2019-ல் பொருளாதார நோபல் பெற்றவர். எந்த ஊர் பெண்களுக்கு என்பது குலுக்கல்போல முடிவாவதால் இரண்டு வகை ஊர்களையும் நேராக ஒப்பிட முடிந்தது. அந்தந்த மாநிலத்துப் பெண்கள் எதை அதிகம் கேட்டார்களோ அதற்குப் பெண் தலைவர்கள் அதிகம் செலவழித்திருந்தார்கள். இரண்டு இடத்திலும் குடிநீர். மேற்கு வங்கத்தில் பெண்கள் ரோடும் கேட்டதால் ரோடும் வந்தது, ராஜஸ்தானில் அப்படிக் கேட்காததால் அதற்குச் செலவு குறைந்திருந்தது.

பெண் வந்தாலே ஊழல் ஒழியும், சாதி ஒழியும் என்று நான் எந்த வகுப்பிலும் சொல்வதில்லை. நேர்மை இல்லாத பெண் தலைவர்களும் இருக்கிறார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் மேஜையில் உட்கார்ந்தால் மேல்நிலைத் தொட்டி மோட்டார் ரிப்பேர் 'அடுத்த வாரம்' ஆகாது, அதைத்தான் சொல்கிறேன்.

ஒதுக்கீட்டுல ஜெயிச்சா மதிப்பு இல்லைங்கறாங்க. பொதுவுல நின்னு ஜெயிச்சாத்தானே பெருமை?

இப்படிச் சொல்பவரிடம், ஒதுக்கீடு வருவதற்கு முன் அந்த ஊரில் எத்தனை பெண் தலைவர்கள் இருந்தார்கள் என்று கேளுங்கள். மேற்கு வங்கத்தில் நடந்த இன்னொரு ஆய்வு 2009-ல் வந்தது. இரண்டு முறை பெண் தலைவரைப் பார்த்துவிட்ட ஊர்களில், ஒதுக்கீடு இல்லாத தேர்தலிலும் பெண்கள் அதிகம் நின்றார்கள், அதிகம் ஜெயித்தார்கள். ஆண்கள் மனதில் இருந்த சந்தேகமும் குறைந்திருந்தது. பொதுவில் ஜெயிக்கிற பெருமை வேண்டுமென்றால், அதற்கு வழி போடுவதே ஒதுக்கீடுதான்.

ஊராட்சியில பாதி கிடைக்குது, சட்டசபையில மட்டும் ஏன் இவ்வளவு கம்மி?

அங்கே சீட்டுக் கொடுப்பது கட்சி. 2021-ல் 234 பேர் கொண்ட சட்டமன்றத்துக்கு 12 பெண்கள்தான் போனார்கள். அந்தத் தேர்தலில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்கள் சுமார் 10 லட்சம் அதிகம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39-ல் 5 பேர், நாடு முழுவதும் 543-ல் 74 பேர். பாதிச் சீட்டைப் பெண்களுக்குக் கொடுத்த கட்சியும் உண்டு: நாம் தமிழர் கட்சி 2021-ல் 117 பெண்களை நிறுத்தியது, ஒருவரும் ஜெயிக்கவில்லை. ஜெயிக்கிற கட்சிகள் கொடுப்பதில்லை, கொடுக்கிற கட்சி ஜெயிப்பதில்லை. நூறு வருடத்துக்கு முன் நாம் முன்னால் இருந்தோம் என்பதுதான் வயிற்றெரிச்சல். 1921-ல் பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் மாகாணம் சென்னை. 1927-லேயே முத்துலட்சுமி ரெட்டி சட்ட மேலவைக்குள் நுழைந்து துணைத் தலைவரும் ஆனார்.

பார்லிமெண்டுல 33 சதவீதம்னு சட்டம் போட்டாங்களே, அது என்ன ஆச்சு?

1996-ல் முதன்முதலாக மசோதா வந்து, 2010-ல் மாநிலங்களவையில் மட்டும் நிறைவேறிக் கிடப்பில் போய், கடைசியில் 2023 செப்டம்பரில் 106-வது திருத்தமாக நிறைவேறியது. மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. மாநிலங்களவையில் எதிர்ப்பே இல்லை. மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு, 15 ஆண்டுகளுக்கு. மாநிலங்களவைக்குக் கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு உள் ஒதுக்கீடு உண்டு, பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு இல்லை.

2023-ல் நிறைவேறிய வடிவத்தில், சட்டத்துக்குப் பிறகு எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதை வைத்துச் செய்யும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே இது நடைமுறைக்கு வரும் என்று எழுதியிருக்கிறார்கள். மறுவரையறை என்றாலே தமிழ்நாட்டுக்கு வேறு கவலை, நம் எம்.பி. எண்ணிக்கையின் பங்கு குறைந்துவிடுமோ என்று. பெண்கள் ஒதுக்கீட்டை அதோடு முடிச்சுப் போட்டிருக்கத் தேவையே இல்லை என்பது என் கருத்து. இருக்கிற 543 தொகுதிகளிலேயே கொடுத்திருக்கலாம்.

இப்ப தலைவரும் இல்ல, மெம்பரும் இல்ல, தனி அலுவலர்தான். தேர்தல் வர்ற வரைக்கும் நாங்க என்ன செய்யறது?

27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர்கள் வந்ததிலிருந்து வருகிற கேள்வி இது. தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை நடந்தாக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைந்தபட்ச வருகை இவ்வளவு என்று கணக்கும் உண்டு. 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர், 10,000 வரை 200 பேர். 500 பேருக்கு உட்பட்ட சின்ன ஊராட்சியென்றால் 50 பேர் போதும். உங்கள் குழுவிலிருந்து இருபது பேர் சேர்ந்து போனாலே கூட்டத்தின் நிறம் மாறிவிடும்.

வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு கோரிக்கையை எழுதிக்கொண்டு போய்த் தீர்மானமாக்கச் சொல்லுங்கள். பல ஊர்களில் கூட்டம் தொடங்கும் முன்பே நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள், பிறகு அதன் மேலே என்ன எழுதுகிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. உங்கள் தீர்மானத்தை எழுதி வாசித்த பிறகு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.